உறைந்த எண்ணெய்

கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னியில் கனகராயன்குளத்துக்கு வந்தபோது, எங்கள் தோலைக் காக்கும் வழக்கத்தையும் அம்மா கூடவே கொண்டுவந்தாள். மலையில் அது தேவையாக இருந்தது. பனிக்காற்றில் கன்னமும் குதிகாலும் வெடித்துவிடும். எனவே வெந்நீரில் குளிப்பாட்டி, கால்விரல் இடுக்குவரை தேங்காயெண்ணெய் தேய்ப்பாள். காலையில் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்திருக்கும். அடுப்போரம் வைத்து இளக்குவாள்.

வன்னியில் எண்ணெய் உறையவில்லை. அம்மாவும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

சித்திரை வெக்கையில் என் முதுகு முழுக்க வேர்க்குரு. சொறிந்த இடமெல்லாம் புண். குப்புறத்தான் படுத்தேன். பார்க்கப் பொறுக்காமல், யாழ்ப்பாணத்திலிருந்து வயல் செய்ய வந்திருந்த பக்கத்துக் காணி அக்கா நேரே அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தார்.

“பிள்ளையைச் சுடுதண்ணியில அவிச்சு எண்ணெயில பொரிக்கிறியளோ?”

“பூசலேன்னா தோலு வெடிச்சிரும்க்கா. குளிரு...”

“இஞ்ச எங்க குளிர்?”

அம்மா எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள்.

அன்றிலிருந்து அக்கா சொன்னபடி காலையும் பின்னேரமும் வேப்பிலை போட்ட கிணற்றுத் தண்ணீர், மெல்லிய பருத்திச் சட்டை. எண்ணெய் தலைக்கு மட்டும். புண் ஆறியது. அப்பா இறைத்து ஊற்றும் வாளித் தண்ணீர் தலையில் விழும்போது நான் கத்திச் சிரிப்பேன். அம்மா துவாயோடு தள்ளி நிற்பாள்.

மார்கழியில், அடைமழை விட்ட ஒரு விடியலில், என் தலைக்கு வைக்க அம்மா போத்தலைக் கவிழ்த்தாள். எண்ணெய் இறங்கவில்லை.

“ஏங்க, இங்க வந்து பாருங்க, நம்ம தோட்டத்துல மாதிரியே உறைஞ்சிருக்கு!”

அப்பா போத்தலை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அம்மா தென்னை ஈர்க்குச்சியால் கிண்டி எடுத்து, உள்ளங்கையில் இளக்கி, என்னை உச்சியிலிருந்து பாதம்வரை தேய்த்தாள். நெடுநேரம் தேய்த்தாள். எனக்கு விளையாடப் போகும் அவசரம். வெயில் ஏறியதும் போத்தலில் எண்ணெய் மறுபடி இளகிவிட்டது.

மறுநாள் அடுப்பு மூட்டுமுன்பே அம்மா போத்தலைச் சாய்த்துப் பார்த்தாள். அதற்கடுத்த நாளும் பார்த்தாள். எண்ணெய் தண்ணீராக ஆடியது. என் முதுகுக்காகத்தான் அவள் குளிரைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடுவதைக் காணப் பொறுக்காமல் சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

“பாரும்மா, ஒண்ணுமில்ல. எல்லாம் ஆறிருச்சு.”