உங்க பாப்பா எங்க படிக்குது?

மே மாதக் கடைசியில், வெயில் இறங்கிய பிறகு, நாங்கள் பிள்ளை பிடிக்கப் போவோம். ஆசிரியைகள் எங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். காகிதத்தில் அதற்கு மாணவர் சேர்க்கை என்று பெயர். தெருத் தெருவாகப் போய், ஐந்து வயது நிரம்பிய பிள்ளை இருக்கிற வீடாகப் பார்த்து நுழைந்து, அரசுப் பள்ளியில் சேருங்கள், புத்தகம் தருகிறோம், சீருடை தருகிறோம், மத்தியானம் முட்டையோடு சாப்பாடு தருகிறோம் என்று சொல்ல வேண்டும்.

அந்த வருடம்தான் நான் தேவாரத்துக்கு மாற்றலாகி வந்திருந்தேன். தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியை ஒருவர், நான் ஒருத்தி, அவ்வளவுதான். பிள்ளைகள் இன்னும் குறைந்தால் ஒரு ஆசிரியையை உபரி என்று எழுதி வேறு எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த ஒருத்தி நானாகத்தான் இருப்பேன். கணவருக்கு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை. மகளுக்கு அப்போதுதான் ஐந்து முடிந்திருந்தது. இன்னொரு மாற்றலை எப்படியாவது தவிர்க்க வேண்டியிருந்தது.

மலையடிவாரத்துத் தெருவில் ஒரு ஓட்டு வீடு. அந்த வீட்டுப் பெண் விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருகிறவள். தலைமையாசிரியையும் நானும் போனபோது வாசலில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை, ஒரே மகள் என்று பக்கத்து வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். உள்ளே சாமி படத்துக்குக் கீழே ஒரு தனியார் பள்ளியின் விண்ணப்பம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் நான் வேகவேகமாகப் பேசினேன். எங்கள் பள்ளியிலும் இங்கிலீஷ் உண்டு, கணினி வந்திருக்கிறது, பிள்ளை வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும் என்று அடுக்கினேன். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாஞ் சரி டீச்சர். உங்க பாப்பா எங்க படிக்குது?"

யோசிக்க எனக்கு நேரமே இருக்கவில்லை. அப்படித்தான் பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"நம்ம பள்ளிக்கூடத்துலதான். இந்த வருசம் ஒண்ணாப்புல சேக்குறேன்" என்றேன்.

என் வீட்டு பீரோவில் அப்போது என் மகளின் டையும் கறுப்பு ஷூவும் பெட்டி பிரிக்காமல் இருந்தன. ஊருக்கு வெளியே இருக்கிற மெட்ரிக் பள்ளியில் இடம் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெண் வாங்கி வைத்திருந்த படிவத்தில் இருந்ததும் அதே பள்ளியின் பெயர்தான்.

அந்தப் பெண் சாமி படத்துக்குக் கீழே இருந்த படிவத்தை எடுத்தாள், ஒருமுறை பார்த்தாள், அடுப்படிப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். ஆதார் அட்டையை என்னிடம் கொடுத்தாள். தலைமையாசிரியை கையிலிருந்த நோட்டீசையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முனைக்கு வந்த பிறகுதான், "அது தேவையில்லாமப் போச்சும்மா" என்றார். சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பினார். எங்களுக்கு எண்ணிக்கை வேண்டியிருந்தது.

ஜூனில் அந்தச் சிறுமி வந்தாள். எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை, கொஞ்சம் பெரிய சட்டை. முதல் நாளே தனக்குப் பக்கத்தில் பாயில் இடம் விட்டு உட்கார்ந்தாள். வேறு பிள்ளை உட்காரப் போனால், டீச்சர் பாப்பாவுக்கு என்று கையை வைத்து மறைத்தாள். நான் புரியாததுபோல் இருந்தேன்.

"உங்க பாப்பா எப்ப வரும் டீச்சர்?"

காய்ச்சல் என்றேன். அடுத்த வாரம் ஆச்சி ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். அதற்கடுத்த வாரம், வரும் வரும் என்று மட்டும் சொன்னேன். சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். மறக்கவில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, டீச்சர் மகள் மெட்ரிக் பள்ளி வேனில் போவதைத் தான் பார்த்ததாகச் சொன்னாள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அந்தக் குரல் மெதுவாக, ஆனால் உறுதியாகக் கேட்டது.

"இல்ல. இங்கனதான் படிக்கும்னு டீச்சரே சொன்னாக."

நான் திரும்பவில்லை. எழுதி முடித்த வரியையே இன்னொரு முறை அழுத்தி எழுதினேன்.

அவளைப்போல ஒரு பிள்ளைக்கு நான் அதற்கு முன்பும் பாடம் சொன்னதில்லை, பிறகும் சொன்னதில்லை. பொங்கலுக்குள் எழுத்துக் கூட்டாமல் படித்தாள். ஒரு நரிக் கதையைப் படித்துவிட்டு, இந்த நரி எப்போதும் பொய் சொல்கிறதே, அதன் அம்மா ஒன்றும் சொல்லாதா என்று கேட்டாள். அவள் கேட்டது நரியைப் பற்றித்தான். ஆனால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே மாதங்களில் வீட்டில் என் மகள் பள்ளி டைரியைப் பிடித்துக்கொண்டு, "மை மதர் ஈஸ் அஃபெக்‌ஷனேட்" என்று முன்னும் பின்னும் ஆடி ஒப்பிப்பாள். அஃபெக்‌ஷனேட் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "அது டைரில இருக்கும்மா" என்றாள். அவளுக்கு இருபது ஆங்கில வரிகள் தெரிந்திருந்தன. தமிழில் தன் பெயரை எழுதும்போது சுழி எந்தப் பக்கம் என்று தடுமாறினாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், மிஸ் இப்படிச் சொல்லவில்லை என்று அழுவாள். ஊரார் பிள்ளைகளுக்கு நான் நல்ல டீச்சர். என் பிள்ளைக்கு நான் போதாது என்று நானேதான் முடிவு செய்திருந்தேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வேனில்தான் அனுப்பினார்கள். கணவரின் அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான். தவறாகப் போய்விட்டால் ஊரோடு சேர்ந்து தவறட்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

மாசியில் ஒருநாள் மலைக்கு மேலே கேரளத்தில் பந்த். ஜீப்புகள் ஓடவில்லை. அன்று வழக்கத்துக்கு மாறாக எங்கள் தெருவுக்கு வேன் வராமல், பேருந்து நிறுத்தத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் மகளோடு நின்றுகொண்டிருந்தேன். வேலை இல்லாததால் அந்தப் பெண் தன் மகளைத் தானே பள்ளிக்கு அழைத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு என் மகளின் ஷூவை, டையை, முதுகுப் பையை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். மகளின் பையை நேராக்கினேன். சிறுமிதான் ஓடி வந்தாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"இதான் உங்க பாப்பாவா டீச்சர்? இன்னைக்கு வருதா?"

வேன் வந்து நின்றது. என் மகள் ஏறிக்கொண்டாள். கதவு மூடிக்கொண்டது. சிறுமி வேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்த கணம் எது என்று எனக்குத் தெரியும், அவள் முகத்தில் அதை நான் பார்த்தேன். அவளுடைய அம்மா, "பாப்பா நல்லா இருக்கு டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்து நடந்தாள். அன்றைக்கு வகுப்பில் சிறுமியின் பக்கத்து இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

மே மாதம் அந்தப் பெண் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தாள். தலைமையாசிரியை என்னிடமே அனுப்பிவிட்டார். அந்த நாளை எதிர்பார்த்துச் சில வாக்கியங்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். அவள் அவற்றுக்கு இடம் கொடுக்கவில்லை.

"நீங்க பொய் சொன்னீகன்னு இல்ல டீச்சர். பொய் எல்லாருந்தான் சொல்றோம். ஆனா சொல்லிக்குடுக்குற நீங்களே உங்க பிள்ளைய இங்கன விடலைன்னா, உங்களுக்குத் தெரிஞ்சது என்னமோ எனக்குத் தெரியலைன்னுதான அர்த்தம்?"

எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல நினைத்தேன். உன் மகள் இங்கே நன்றாகப் படிக்கிறாள், ஊரார் பேச்சையெல்லாம் நம்பி நான்தான் தவறு செய்துவிட்டேன், கெஞ்சிக் கேட்கிறேன், அவளை இங்கேயே விட்டுவிட்டுப் போ என்று சொல்ல நினைத்தேன். அதெல்லாம் உண்மை. ஆனால் நான் சொன்னால் அவள் ஏன் நம்ப வேண்டும்? சான்றிதழை எழுதிக் கொடுத்தேன்.

ஜூனில் அந்தச் சிறுமி என் மகள் போகிற அதே வேனில் ஏறினாள். அதே பள்ளி, அதே இரண்டாம் வகுப்பு. அந்தப் பெண் எப்படிச் சமாளித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் மலையேறுகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் என் மகளின் வாயிலிருந்து அவளைப் பற்றிக் கேட்டேன். புதுப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியவில்லை. புதுப் பிள்ளையை மிஸ் நிற்க வைத்தார்கள். தமிழில் பேசியதால் கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். மகள் இதையெல்லாம் கேலியாகச் சொல்லவில்லை. இன்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். நான் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துக் கழுவிக்கொண்டே கேட்டேன். நீ அவளோடு பேசு என்று சொல்லிப் பார்த்தேன். "பேசுனா அவ பேச மாட்டேங்குறாம்மா" என்றாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா வர முடியவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். ஓடி வருவாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, பார்வையைச் சுவரில் வைத்து, இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"குட் மார்னிங் மேம்."

அவர்களுடைய மிஸ் சின்னப் பெண். முகத்தில் அத்தனை களைப்பு. அந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கும், எனக்குத் தெரியும் என்று சொன்னேன். தமிழில் படிக்கிறாள்தான் மேடம், ஆனால் கணக்கும் இங்கிலீஷில், அறிவியலும் இங்கிலீஷில், நான் என்ன செய்யட்டும், வீட்டில் டைரி பார்க்கவும் ஆள் இல்லை என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. தானும் அரசுப் பள்ளியில் படித்தவள்தான் என்று அவராகவே சொன்னார். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் கொரோனா வந்து எல்லாப் பள்ளிகளையும் மூடியது. ஜூனில் தனியார் பள்ளிகள் போனில் வகுப்பு நடத்தின. என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்ப்பேன். சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகளின் முகங்கள். அந்தச் சிறுமியின் கட்டத்தைத் தேடுவதே என் வேலையாக இருந்தது. இரண்டாவது வாரம் ஒருநாள் வந்தது. முகம் இல்லை, வெறும் கறுப்புக் கட்டம், கீழே அவள் பெயர். மிஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கேட்கிறதா என்றார். மைக்கைத் திற என்றார். எந்தப் பக்கமிருந்தோ ஆடு கத்துகிற சத்தமும், யாரோ மூச்சு விடுகிற சத்தமும் வந்தன. பிறகு அந்தக் கட்டம் அணைந்தது. மறுநாள் கொஞ்ச நேரம் வந்து போனது. அதன்பின் வரவே இல்லை.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு அரிசி, பருப்பு, பாடப் புத்தகம் கொடுக்கப் போனோம். அவள் தெருவுக்கும் போனேன். நான் புத்தகம் கொடுத்த கடைசி வீட்டிலிருந்து அவள் வீடு நாலு வீடு தள்ளி இருந்தது. அவள் எங்கள் பதிவேட்டில் இல்லை. நான் அந்த நாலு வீட்டைக் கடக்கவில்லை. அடுத்த முறை போனபோது கதவு பூட்டியிருந்தது. கேரள எல்லையை மறுபடி மூடிவிடுவார்கள் என்று பயந்து, தாயும் மகளும் தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்திலேயே தங்கப் போய்விட்டார்கள் என்றார்கள்.

அதற்கு அடுத்த வருடம் எண்ணிக்கை குறைந்து, நான் பயந்தபடியே உபரியாகி, கெங்குவார்பட்டிப் பக்கம் மாற்றலாகிப் போனேன்.

போன ஐப்பசியில் கம்பம் பேருந்து நிலையத்தில் அவர்களைப் பார்த்தேன். தாய் நரைத்திருந்தாள். மகள் அவள் தோளைத் தாண்டி வளர்ந்திருந்தாள். தாய்தான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். கோபம் எதுவும் இல்லை, எனக்கு டீ வாங்கித் தர வேண்டும் என்று நின்றாள். மகள் மலைக்கு மேலே மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படிக்கிறாளாம். அரசாங்கப் பள்ளிதானாம். முதல் வருடம் எழுத்தே தெரியாமல் அழுதாளாம், இப்போது வகுப்பில் இரண்டாவதாக வருகிறாளாம். நான் மகளைப் பார்த்து, தமிழ் படிக்கிறாயா என்று கேட்டேன்.

"பேசுவேன் டீச்சர். படிக்கத்தான் கொஞ்சம் மறந்துருச்சு" என்றாள். தயக்கமோ வருத்தமோ இல்லாமல் சொன்னாள். நெடுங்கண்டம் பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். அவள் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாளா என்று நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவளும் இப்போது ஏழாவதுதான். அந்தப் பிள்ளையைப் பார்த்தேன், உன்னோடு வேனில் வருவாளே, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாளே என்றேன். மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள்.

"எங்க கிளாஸ்ல அப்பிடி யாரும் இல்லையேம்மா."

இரண்டாம் வகுப்புப் புகைப்படத்தை எடுத்து வந்து இருவரும் விரல் வைத்துத் தேடினோம். நாலு வரிசை. படம் எடுத்த அன்று அவள் வரவில்லை போலிருக்கிறது. மகள் படத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் படிக்கப் போனாள். நான் இன்னொரு முறை முதல் வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.