சாக்குப்பையில் இல்லாத ஜோடி

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நான்காவது என் கடைசி மகளின் பெண். மகளும் மருமகனும் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போனபோது மூன்று வயதில் என்னிடம் விட்டார்கள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு என்னைவிட ஒரு சாண் உயரமாக நிற்கிறாள்.

கோயில் மதிலோரம் முப்பது வருடமாக நான் செருப்பு பார்த்துக்கொள்ளும் இடம் வைத்திருக்கிறேன். மலை சுற்ற வருகிறவர்கள் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். செருப்பை என்னிடம் விட்டு, நம்பர் போட்ட தகர வில்லையை வாங்கிப் போவார்கள். சுற்றி முடித்த அலுப்பில் சிலர் செருப்பை மறந்து அப்படியே பஸ் ஏறிவிடுவதும் உண்டு. அடுத்த பௌர்ணமிக்கு வந்து வில்லையை நீட்டுவார்கள். அதனால் கேட்பாரில்லாத ஜோடிகளைச் சாக்குப்பையில் கட்டி வைப்பேன். அடுத்த பௌர்ணமி தாண்டும்வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அது என் சட்டம்.

இந்த வருடம் பேத்தி வெளியூர்க் காலேஜ் ஒன்றுக்கு மனுப் போட்டாள். மார்க் மட்டும் போதாதாம். உன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைப் பற்றி நீயே எழுது என்று கேட்டிருந்தார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். முதலில் மலையைப் பற்றி எழுதினாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அதையேதான் எழுதுகிறார்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். பிறகு என்னைப் பற்றி எழுதினாள். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

எழுத்தறியாத ஏழைப் பாட்டியாம். ஊரார் செருப்புகளுக்கு நடுவே காலம் தள்ளுகிறாளாம். அவள் கண்ணீரைத் துடைக்கத்தான் இவள் படிக்கப் போகிறாளாம்.

“எப்போடி நான் அழுதேன்?” என்றேன்.

“அது சும்மா ஆயா. கஷ்டம் இருந்தாத்தான் சீட்டு தருவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“எவ்ளோ கஷ்டம் வேணுமாம்? ஜாஸ்தியா, கம்மியா?”

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. எனக்குத்தான் அந்த ‘எழுத்தறியாத’ என்ற சொல் நெஞ்சில் முள் போல நின்றது. சாயங்காலப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். வில்லைகளில் நம்பர் எழுதியது என் கை.

“உன்னப் பத்திதான கேட்டாங்க? என்னை எதுக்கு அங்க இட்டுக்கினு போய் அழ வெக்கிற?”

“எனக்கு இன்னா நடந்திருக்குது எழுதறதுக்கு? ஸ்கூலு, வீடு, உன் செருப்பு. அவ்ளோதான்!”

இரண்டு நாள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தம் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவளே என் இடத்துக்கு வந்தாள். செருப்பு வரிசையைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “புதுசா ஒண்ணு எழுதினேன். முழுசா கேட்டுட்டுத் திட்டு” என்று சொல்லி, போனைப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

அவள் ஒன்பதாவது படித்தபோது, கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். அன்று இவள்தான் கடை பார்த்தாள். உச்சி வெயில். தெருக் கூட்டும் அம்மா ஒருத்திக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது. தார் ரோட்டில் அந்த அம்மா கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்து, சும்மாதானே கிடக்கிறது என்று சாக்குப்பையிலிருந்து ஒரு மெரூன் கலர் ஜோடியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த பௌர்ணமிக்கு அந்த ஜோடிக்குச் சொந்தக்காரி வில்லையோடு வந்தாள். அது எனக்கும் தெரியும். மறக்கவா முடியும்? சாக்கை மூன்று முறை கொட்டித் தேடினேன். “செருப்பு காக்கறவளே செருப்பு திருடுவியா?” என்று கும்பலுக்கு நடுவே கேட்டாள். வயசாச்சும்மா, யாருக்கோ மாத்திக் குடுத்துட்டேன் போல, என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பேத்தி என் பக்கத்திலேயே வில்லைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை.

அதுவரை வில்லையைப் பார்க்காமலே முகத்தைப் பார்த்துச் செருப்பை எடுத்துத் தருவேன். அன்றோடு அதை விட்டேன். ஞாபகம் போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்ப்பேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

அவள் படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள்.

“அப்ப நான் மாத்திக் குடுக்கலயா?”

“இல்ல ஆயா.”

“என் ஞாபகம் சரியாத்தான் இருந்துதா?”

“சரியாத்தான் இருந்துது. நான்தான்...”

கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்று வருடம் என்னையே நான் நம்பாமல் இருந்திருக்கிறேன். ஆனால் கோபத்துக்கு முன்னால் சந்தோஷம் வந்துவிட்டது, என்ன செய்ய? முதுகில் ஒன்று வைத்தேன். அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டேன்.

“இத அனுப்பினா என்னை நல்ல பொண்ணுன்னு நெனைக்க மாட்டாங்க ஆயா.”

“அது உன் இஷ்டம். ஆனா இதுல நீ இருக்கற. அதுல நீ இல்ல.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். சீட்டு கிடைக்குமா என்று இன்னும் தெரியவில்லை. அன்றைக்கே ஒருவர் வில்லையைத் தேடிப் பையைத் துழாவ, நான் அவர் முகத்தைப் பார்த்தே செருப்பை எடுத்து வைத்தேன்.

இதையெல்லாம் அவளுடைய பழைய நோட்டின் பின்பக்கங்களில் ஆறு நாளாக எழுதினேன். அவள் என்னைப் பற்றி எழுதியது பொய்யாகிவிட்டது பாருங்கள், எழுத்தறியாதவளாம்.

வாடி கண்ணு, இப்படி உட்காரு. இந்த நோட்ட மொதல்ல இருந்து சத்தமாப் படி, அவசரமில்ல. நான் எழுதாதத நீயா சேத்துப் படிக்காத. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது.