மூன்று விசிறிக் கார்டு ஓடிய சனிக்கிழமை

காலை ஒன்பது மணிக்கு டைல்ஸ் அக்கா புது கிராஃபிக்ஸ் கார்டைப் பெட்டியிலிருந்து தூக்கியதும் நாத்தனார் கேட்டாள்: "அண்ணி, இது கார்டா, செங்கல்லா?"

கேட்டது நியாயம்தான். ஐந்து வருடமாகக் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து படம் வரைந்து கொடுத்த பழைய கார்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்கு ஒற்றை விசிறி. யாரோ பயன்படுத்திவிட்டு விற்றதை வாங்கி மாட்டியது. புதியது முழங்கை நீளம், மூன்று விசிறி, அதற்கென்று தனி மின்வயர் வேறு.

"கடையிலேருந்து பையில போட்டுக்கிட்டு வந்தப்ப கையே கழண்டுடுச்சு," என்றாள் டைல்ஸ் அக்கா. சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

பதினொரு வருடமாக டைல்ஸ் கடை கவுண்ட்டரில் இருப்பவள். ஒற்றை டைல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்க குளியலறையில இது எப்படி இருக்கும்?" என்று முழிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்து, கடைக் கம்ப்யூட்டரில் அவர்களுடைய சுவரையே வரைந்து காட்டக் கற்றுக்கொண்டாள். பிறகு வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. விடிகாலையிலும் விடுமுறை நாளிலும் கட்டப்போகும் வீடுகளின் படம் வரைந்தாள். இப்போது முதல் முறையாகப் பெரிய வேலை. ஒரு நூலகக் கட்டடம். அதை வடிவமைத்த எஞ்சினியரம்மா சொல்லியிருந்தார்: "உள்ள நடந்து போற மாதிரி நாற்பது நொடிப் படம் வேணும். சனிக்கிழமை நாலு மணிக்குக் கமிட்டி. அவங்களுக்குப் பிடிச்சுதுன்னா, இனி என் ஆபீஸ் படம் மொத்தமும் உங்களுக்குத்தான்."

அது நடந்தால் கவுண்ட்டருக்குத் திரும்ப வேண்டாம்.

நொடிக்கு இருபத்தைந்து படம் வீதம், நாற்பது நொடிக்கு ஆயிரம் படம். பழைய கார்டில் முன்தினம் சோதித்துப் பார்த்தாள். ஒரு படத்துக்கு ஆறு நிமிடம். அதுவும் கார்டின் நினைவகம் போதாமல், அலமாரிகளிலிருந்து புத்தகங்களை எடுத்துவிட்ட பிறகு. புத்தகமே இல்லாத நூலகத்தை வரைய நான்கு நாள் ஆகும்.

புதியதை மாட்டினாள். புத்தகங்களை எல்லாம் திரும்ப அடுக்கினாள், பன்னிரண்டு அலமாரி. பொத்தானை அழுத்தினாள். ஒரு படத்துக்கு இருபது நொடி. கண்ணாடிச் சுவர் வழியே வெயில் தரையில் விழுந்து, புத்தக முதுகுகளில் ஏறி நின்றது.

"ஏய், பாரு! நிழலைப் பாரு!" நாத்தனாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாத்துட்டேன் அண்ணி, என் தோளை விடுங்க!"

ஒன்பதே காலுக்கு ஆயிரத்தையும் ஓடவிட்டாள். இரண்டே முக்காலுக்கு முடிந்துவிடும். சமையலறைக்குள் போய் வெங்காயம் நறுக்கும்போதுகூட அவளுக்கு வாய் கொள்ளாத பாட்டு.

பத்தரைக்கு வந்து பார்த்தவளுக்குப் பாட்டு நின்றது. இருநூறைத் தாண்டியிருக்க வேண்டிய எண்ணிக்கை நூற்றுப் பதினைந்தில் நின்றது. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம். விசிறிகள் மூன்றும் ஓலமிட்டன.

"ஏமாத்திட்டாங்கடி. ஆரம்ப ஜோர்தான் இதுக்கு. இப்படியே போனா நடுராத்திரி ஆயிடும்."

"பழசையே மாட்டிடலாமா?"

"அதுக்கு அடுத்த வாரம் ஆகும்!"

இதைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடுவதா, வேண்டாமா என்று தெரியாமல் கால் மணி நேரம் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நிறுத்திவிடுவதென்று மேசைக்குக் கீழே கையை விட்டவள், சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். சுட்டதுபோல் என்ன, சுட்டேவிட்டது. கையில் பட்டது ரெக்சின்.

அவள் கணவர் கார்களுக்கு சீட் உறை தைப்பவர். முன்னறையில்தான் தையல் மெஷின். பஞ்சுத் தூசியும் நூல் பிசிறும் வீடு முழுக்கப் பறக்கும். அதனால் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் அளவெடுத்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார். காலையில் கார்டு மாட்ட அவள் கழற்றி வைத்ததை, அவள் சமையலறைக்குப் போன நேரம் பார்த்து, வழக்கம்போலப் பொறுப்பாக மாட்டிவிட்டிருக்கிறார். ஐந்து வருடமாக உறையோடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

"என்னங்க! இங்க வாங்க! இதுக்கு எதுக்குங்க சட்டை போட்டீங்க?"

அவர் வாயில் ஊசியோடு வந்து, அதை எடுத்துவிட்டுச் சொன்னார்: "நல்ல கதையா இருக்கே. புதுப் பொருள் ஆச்சே, தூசி படக்கூடாதுன்னு போட்டேன்."

"மூச்சு முட்டிப் போச்சு அதுக்கு!"

உருவி எறிந்தாள். விசிறிச் சத்தம் மெல்ல இறங்கியது. நாற்பது நொடி, முப்பது, இருபத்திரண்டு, இருபது. மூவரும் குனிந்து நின்று எண்ணினார்கள். மீதி எண்ணூற்றி அறுபத்தைந்து. மூன்றே முக்காலுக்கு முன்னால் முடிந்தால் உண்டு.

"ஆனா அண்ணே," என்றாள் நாத்தனார், "நீ தைக்க உக்காந்தா உன் பஞ்செல்லாம் இந்த மூணு விசிறிக்குள்ளதான் போகும்."

"ஸ்கூல் வேன் சீட்டு எட்டு பாக்கி இருக்கு. இன்னைக்குச் சாயந்திரம் தரணும்."

டைல்ஸ் அக்கா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எல்லாக் கணவர்களுக்கும் தெரியும்.

"சரி, சரி. ஆளுக்கொரு பக்கம் பிடிங்க."

மெஷின் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனது. கதவிடுக்கில் ஈரத்துணி. அங்கிருந்தே அவர் குரல் கொடுத்தார்: "அப்ப நேத்து பழசைச் சோதிச்சப்ப உறையைக் கழட்டினியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கழற்றவில்லை. பாவம் பழசு, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓடியிருக்கிறது. மறுநாள் உறையில்லாமல் மறுபடி ஓட்டினாள். ஐந்தே கால் நிமிடம். முக்கால் நிமிடத்தால் பழசின் மானம் கொஞ்சம் மீண்டது, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டோடு வந்து எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று முப்பத்தெட்டுக்கு ஆயிரமாவது படம் விழுந்தது. கோத்து ஓடவிட்டாள். வாசல் கதவு திறந்தது, வெயில் வழிவிட்டது, புத்தகங்களுக்கு நடுவே நடந்து ஜன்னலோர நாற்காலிவரை போனார்கள் மூன்று பேரும்.

"நான் இங்கேயே உக்காந்துக்கறேன்," என்றார் தாழ்வாரத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்தவர்.

மூன்று ஐம்பதுக்கு அனுப்பினாள். ஐந்தரைக்கு எஞ்சினியரம்மா கூப்பிட்டார்.

"ரெண்டு தடவை போட்டுக் காட்டச் சொன்னாங்கம்மா! படிக்கட்டுக் கைப்பிடியை மட்டும் மரத்துல மாத்திக் கேக்கறாங்க. திங்கக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ் வந்துடுங்க, மத்த கட்டடங்களையும் பேசிடலாம்."

"வந்துடறேன் மேடம்," என்றாள். போனை வைத்த கையோடு டைல்ஸ் கடை முதலாளியைக் கூப்பிட்டாள்.

"முதலாளி, திங்கக்கிழமை நான் வரலை."

"உடம்பு சரியில்லையாம்மா? சரி, செவ்வாய்க்கிழமை வா."

"செவ்வாய்க்கிழமையும் வரலை, முதலாளி."