உயிரில்லாத சொல்

கிறிஸ்து பிறப்பு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை, எழுபதுகளின் இறுதியில் ஓராண்டு எங்கள் வீட்டிற்கு வந்தது. வாசிப்பது நானா, சித்தப்பா மகனா என்ற வழக்கைத் தீர்க்கச் சித்தப்பா ஆங்கில எழுத்தட்டைகளை எடுத்துவந்தார். கையிலுள்ள அட்டைகளையெல்லாம் சொல்லாக்கி முதலில் இறக்குபவர் வாசிக்கலாம். நடுவர் அவரே. மகன் ஆடும் ஆட்டத்திற்குத் தந்தை நடுவராவதில் பிழையுண்டென்று ஆரணியிலேயே ஒன்பது வயதுப் பெண்ணொருத்திக்கு மட்டும்தான் தோன்றியது.

என் கையில் எஞ்சியவை எச், ஒய், எம், என். நான்கையும் வரிசையாக வைத்தேன்: 'ஹிம்'. இறைவனைப் பாடும் பாட்டு.

"இன்னாடி இது? ஏ, இ, ஐ, ஓ, யூ ஒண்ணையும் காணோமே?" என்றார் சித்தப்பா. "வெறும் மெய்யெழுத்தா அடுக்கிகினு போற. உயிர் இல்லாத சொல்லு செத்த சொல்லு. எடு, ஜல்தி!"

"உயிர் இல்லன்னா இன்னா சித்தப்பா, மெய்தானே!"

"வாயப் பாரு, ஆறு கெஜம்!" சிரித்துக்கொண்டே அட்டைகளைக் கலைத்தார். தமிழ் இலக்கணத்தைக் கொண்டு ஆங்கிலச் சொல்லொன்றைத் தூக்கிலிட்ட அத்தீர்ப்பை நான் இன்றும் ஏற்கவில்லை.

அருகில் அம்மா தறிக்கான ஊடைநூலை ராட்டையில் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தார். மிஷன் பள்ளி விடுதியில் படித்து, பாடற்குழுவில் ஆங்கிலப் பாட்டெல்லாம் பாடியவர். நான் அட்டைகளை வைத்தபோதே அவருடைய ராட்டை நின்றுவிட்டிருந்தது.

"நீயாச்சும் சொல்லும்மா!"

"சித்தப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். விடு கண்ணு."

ராட்டை மீண்டும் சுழன்றது. அடுத்த சுற்றில் சித்தப்பா மகன் மூன்றெழுத்துப் பூனையொன்றை இறக்கி வென்றான்.

ஆராதனையில் அவன் வாசிப்பில் பெத்லகேமை அடையுமுன் மும்முறை தடுக்கி விழுந்தான். அவனுக்குப் பின்னே, பாட்டெண்களைத் தொங்கவிடும் பலகையின் உச்சியில், வெள்ளைக்காரர் காலத்து வண்ணத்தில் என் நான்கு எழுத்துகளும் நின்றிருந்தன. அம்மாவின் முந்தானையை இழுத்து, பலகையை நோக்கி விரலை நீட்டினேன். அவர் நிமிர்ந்தும் பாராமல் என் விரலை மடக்கினார்.

"தெரியும். கம்முனு இரு."

தெரிந்துமா! சித்தப்பாவின்மீதிருந்த சினமனைத்தும் அக்கணமே அம்மாவின்மீது பாய்ந்தது. வீடு சேரும்வரை அவர் கையைப் பற்ற மறுத்துவிட்டேன். கொழுந்தனை எதிர்த்து மருமகள் வாய்திறவாத அவ்வீட்டில், ஓடிய ராட்டையை நிறுத்தியதே அம்மா பேசிய பேச்சு என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.