எங்கள் வீட்டுக்கு வந்த செக் அங்கிள்

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, சிட்னியில் எங்கள் ஹோம்புஷ் வீட்டில் எந்நேரமும் செக் அங்கிளைப் பற்றித்தான் பேச்சு. அவர் செக் நாட்டு இசையமைப்பாளர். பெரிய பெயர் எடுத்தவர் அல்ல. ஒரு பிரபுவின் மாளிகையில் டபுள் பேஸ் வாசித்தவர். ஆளை விட உயரமான வயலின் போல இருக்கும் அந்த வாத்தியத்தை எப்போதும் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். வாழ்நாள் முழுக்கப் பின்னால் நின்ற மனிதர், அதை ஒருநாளாவது முன்னால் கொண்டுவர வேண்டும் என்று தானே அதற்கு இசை எழுதினார். அவர் இறந்து இருநூறு வருடங்கள் இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அக்கா அப்போது ஹைஸ்கூலில் படித்தாள். வகுப்பில் அவள்தான் உயரம் என்பதால் டபுள் பேஸ் அவள் தலையில் விழுந்தது. பள்ளிக் கச்சேரியில் தனியாக வாசிக்க அவருடைய இசையைக் கொடுத்த டீச்சர், அவர் வாழ்க்கையைப் பற்றி மேடையில் நாலு வார்த்தை பேசவும் சொல்லியிருந்தார். அக்கா தேடிப் படித்ததையெல்லாம் குசினியில் அம்மாவிடம் வந்து சொல்வாள். அம்மாவுக்கு வயதில் மூத்தவர் எவரும் அங்கிள்தான். செத்தவர்களுக்கும் அதில் விலக்கில்லை.

"பாவம் அந்த அங்கிள். பிரபு சாப்பிடேக்க பக்கத்தில நிண்டு வாசிக்கோணுமாம். இவருக்கு எப்ப சாப்பாடு குடுத்தாங்களோ" என்று தேங்காய் துருவியபடி அம்மா கவலைப்படுவார்.

"ஒன்பது பிள்ளையளாம், அம்மா."

"ஒன்பதோ? அந்த மனுசி என்னெண்டு சமாளிச்சாவோ."

கனடாவில் இருந்த பெரியப்பாவையும் நான் பார்த்ததில்லை. அவரைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள். ஆகவே செக் அங்கிளும் எங்களுக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவர் இசையை அக்கா வாசிக்கும்போது அவர் வராமல் இருப்பாரா?

கச்சேரி அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. நான் என் ஜாக்கெட்டைக் கழற்றிப் பக்கத்துக் கதிரையில் போட்டு வைத்தேன். இடம் கேட்டவர்களிடமெல்லாம் என் அங்கிள் வருகிறார் என்று சொன்னேன். அம்மாவுக்கு அந்தப் பக்கம் இருந்த அப்பா கேமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா முந்தின நாள் முழுக்க, நடுவில் வரும் ஒரு திருப்பத்தில் பிழைவிட்டு அழுதிருந்தாள்.

கடைசி நிமிடத்தில் நீளமான கோட்டுப் போட்ட வெள்ளைக்கார வயோதிபர் ஒருவர் இடம் தேடிக்கொண்டு வந்தார். நீங்கள் செக் நாடா என்று கேட்டேன். அவர் திகைத்துப்போய், ஆமாம் என்றார்.

நான் ஜாக்கெட்டை எடுத்தேன். "இருங்கோ அங்கிள். உங்களுக்குத்தான் பிடிச்சு வைச்சனான்" என்றதை அவருக்காக ஆங்கிலத்திலும் சொன்னேன். ஒன்பது பிள்ளைகளும் எங்கே என்று விசாரித்தேன். தனக்குப் பிள்ளைகளே இல்லையே என்றார். அதற்குள் அக்கா மேடைக்கு வந்துவிட்டாள்.

நாலு வார்த்தை பேசிவிட்டு அவள் வாசிக்கத் தொடங்கினாள். அந்தத் திருப்பத்தில் வில் நின்றுவிட்டது. அம்மா என் கையை இறுக்கினார். அப்போது பக்கத்திலிருந்த அங்கிள் விட்ட இடத்திலிருந்து மெட்டை மெல்ல முனகினார். அவர் எழுதியது அவருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். முனகல் மேடைவரை எட்டியிருக்காது. ஆனாலும் அக்கா மூச்சை இழுத்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டாள். பிறகு நிற்கவே இல்லை. கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

முடிந்ததும் அவர் கையைப் பிடித்து இழுத்து அம்மா முன்னால் நிறுத்தி, "அம்மா, செக் அங்கிள் வந்திட்டார்" என்றேன்.

"இதாரப்பா?" என்று அம்மா அப்பாவைப் பார்த்தார்.

அவரே சொன்னார். அந்த இசையமைப்பாளர் பிறந்த சிற்றூர்தான் அவருக்கும் ஊர். கோடையில் அங்கே சதுக்கத்தில் இந்த இசையை வாசிப்பார்களாம். சிட்னிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அந்தப் பெயர் தெரிந்த ஒருவரைக்கூட அவர் கண்டதில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒட்டியிருந்த கச்சேரி நோட்டீஸில் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார்.

அப்பா கேமராவை மூடிவைத்தார். "அப்ப வீட்டை வந்து சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்றார்.

இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அம்மா மூன்றாம் முறையும் பரிமாறினார். அக்கா மறுபடி வாசிக்க, இது நடனத்துக்கான தாளம், காலை உதைத்து வாசிக்க வேண்டும் என்று அங்கிள் எழுந்து ஆடிக் காட்டினார். அப்பாவும் எழுந்தார். என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தொம்தொம் என்று குதித்ததில், கீழ்வீட்டுக் குஜராத்தி அன்ரி என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார். அவருக்கும் ஒரு தட்டு வைத்தோம். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

புறப்படும்போது அங்கிள் கதவருகில் நின்று, அந்த இசையமைப்பாளரின் பெயரை ஒருமுறை சொல்லும்படி அக்காவிடம் கேட்டார். அவள் சொன்னாள். இன்னொருமுறை என்றார். அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொந்தப் பெயரை ஏன் இன்னொருவர் வாயால் இரண்டு தரம் கேட்க வேண்டும்? வயது போனால் அதுவும் மறந்துவிடும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அவர் தட்டில் மிச்சமிருந்த பொரித்த மிளகாயை எடுத்துத் தின்றேன்.