சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பதில்

நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது விருத்தாசலத்தில் என் கணவர் பீங்கான் சூளையில் வேலை பார்த்தார். அந்தத் தெருவில் கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டும்தான். கூச்சத்தால் நான் யாரிடமும் பேச மாட்டேன். மகள் எஸ்தருக்கு இளம்பிள்ளை வாதத்தால் நடக்க வராது. அதனால் சமைத்துக்கொண்டே நான்தான் பாடம் சொன்னேன். சூளையில் கழித்துப்போட்ட வெள்ளைத் தட்டில் கரியால் எழுதிக் கழுவுவாள். வாய்ப்பாட்டில் பாதியை நான் சொன்னால் மீதியை அவள் சொல்வாள்.

பத்து வயதில் அவளை வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். விட்டுவிட்டு வந்த மறுநாள், மாவு ஆட்டும்போது பழக்கத்தில் "ஈரேழு" என்று சொல்லிவிட்டேன். பதில் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்? கை நின்றுவிட்டது.

"பதினாலு."

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது குரல். மங்கலம்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்திருந்த பக்கத்து வீட்டு நூர்ஜகான்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பாப்பா சொல்லும்போது நானும் கூடவே சொல்லிக்கினு இருந்தேங்க்கா. அது போயிடுச்சுன்னு நிறுத்திடாதீங்க. கணக்கு காதுல வந்துடுது, எழுத்துதான் வரமாட்டேங்குது."

ஒரு தட்டில் 'அ' எழுதிச் சுவர்மேல் நீட்டினேன்.

"அக்கா, இத்த கழுவாம வச்சிக்கட்டா?" என்றாள்.

சில வருஷம் படித்தாள். பிறகு அவர்கள் வீடு மாறிப் போனார்கள். எந்த ஊர் என்று கேட்கவும் எனக்குக் கூச்சம். இது நடந்தது அறுபத்தெட்டிலா எழுபதிலா, நிச்சயமில்லை. நான் எழுதியது அவள் கண்ணில் பட்டால், எழுத்துக்கூட்டிப் படித்துப் பிழையைத் திருத்தட்டும்.