இருபத்தேழு நாளும் ஒரு காலைப்பொழுதும்

"உன் சித்தி என்ன வேலை பாக்கறாங்க?" என்று பத்தாம் வகுப்பில் ஆசிரியை கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. முந்தின நாள் வரை சித்தி வேலையில் இருந்தார். மறுநாளும் இருப்பார். அன்றைக்கு மட்டும் இல்லை. இதை வகுப்பில் எழுந்து நின்று எப்படிச் சொல்வது? இப்போது பள்ளி முடித்துவிட்டேன். நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

என்னை வளர்க்கும் சித்தி, பல்கலைக்கழகப் பெண்கள் விடுதி அலுவலகத்தில் எழுத்தர். யாருக்கு எந்த அறை என்று ஒதுக்குவது, சாவி கொடுப்பது, சண்டை வந்தால் அறை மாற்றுவது எல்லாம் அவர்தான். பதினாலு வருடமாகத் தற்காலிக ஊழியர். தற்காலிக ஊழியர் தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்பார் என்பதற்காக, ஆறு மாதத்துக்கு ஒரு நாள் அவரை வேலையிலிருந்து நீக்கி, மறுநாள் புதிதாகச் சேர்ப்பார்கள். அந்த நாளுக்கு அலுவலகத்தில் பிரேக் என்று பெயர்.

பிரேக் நாளில் வீட்டில் இருக்கலாமே என்பீர்கள். நூற்று நாற்பது சாவிகளில் எண் பொறித்த வில்லைகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. சித்தி கலர் நூல் கட்டி வைத்திருக்கிறார். எந்த நூல் எந்த அறை என்பது அவர் மண்டையில் மட்டும் இருக்கிறது. அதனால் பிரேக் நாளிலும் போவார். வருகையாளர் நோட்டில் கையெழுத்துப் போட்டு, 'பார்க்க வந்த நபர்' என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று எழுதி, வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்.

ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தபோது, காய்ச்சலோடு வந்த மாணவிக்கு மனசு கேட்காமல் சாவி எடுத்துக் கொடுத்துவிட்டார். 'பணியில் இல்லாத ஒருவர் பணி செய்தது ஏன்?' என்று மெமோ வந்தது. மறுநாள் அந்த மெமோவைப் பதிவேட்டில் ஏற்றி, தனக்குத் தானே கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டவர் சித்திதான். அன்றிலிருந்து பிரேக் நாளில் பெஞ்சை விட்டு அசையமாட்டார்.

இந்த வருடம் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. இரண்டு நிபந்தனை: நேர்முகத் தேர்வு தொடங்கும்போது தற்காலிக ஊழியராகப் பணியில் இருக்க வேண்டும்; நியமன ஆணை வாங்கும்போது நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. சித்திக்கு அடுத்த மாதம் முப்பதாம் தேதி நாற்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் ஆயுசுக்கும் தற்காலிகம்தான்.

நேர்முகத் தேர்வுச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்யும்போதுதான் தேதியைக் கவனித்தார். அன்று அவருக்குப் பிரேக்.

கண்காணிப்பாளரிடம் ஓடினார். எதற்கும் "பாக்கலாம்" என்பதால் அவருக்கு மாணவிகள் வைத்த பெயர் பாக்கலாம் சார்.

"சார், பிரேக்க ஒரு நாள் தள்ளிப் போடுங்க சார்."

"அது கம்ப்யூட்டர் போடுறதும்மா."

"அப்ப இண்டர்வியூவ?"

"இண்டர்வியூ எடுக்க வெளியூர்லேர்ந்து மூணு பேர் வர்றாங்க. எப்படித் தள்றது? பாக்கலாம்."

கிணற்றில் போட்ட கல்தான். அந்த நாளும் வந்தது. சித்தி சான்றிதழ்களை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். கொடுக்கப் போன நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நிர்வாகக் கட்டடத்தில் பெயின்ட் அடிப்பதால் தேர்வு விடுதிப் படிப்பறையில். அது பூட்டியிருந்தது. ஒன்பது மணியிலிருந்து பாக்கலாம் சார் சாவிக்கொத்தோடு வியர்த்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்கள் மூவரும் நின்று கால் வலித்து, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற நான்கு விண்ணப்பதாரர்கள் சுவரோரம்.

"எந்த நூலும்மா?" என்றார் பாக்கலாம் சார்.

"சொல்லலாமா சார்? நான் இன்னிக்கு வேலையிலேயே இல்லையே."

"தொட வேணாம். வாயால சொல்லு."

"வாயால சொல்றதும் வேலைதானே சார். இன்னொரு மெமோ வாங்க என்னால ஆகாது."

சித்தி குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்திருந்தார்.

மகளை விடுதியில் சேர்க்க வந்த ஒருவர், சுருட்டிய கோடுபோட்ட மெத்தையைத் தோளில் வைத்தபடி வெகுநேரமாக நின்றிருந்தார்.

"ஏங்க, இந்தம்மா இங்க வேலை பாக்கறவங்களா, இல்லையா?"

"நேத்து வரைக்கும் ஆமா. நாளைலேர்ந்து ஆமா" என்றார் பாக்கலாம் சார்.

"இன்னிக்கு?"

"இன்னிக்கு விருந்தாளி."

"அப்ப ஒரு டீயாவது குடுங்கய்யா, பாவம்!"

பல்கலைக்கழகப் பதிவாளர் வந்தார். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு மணிக்கு ரயில். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, காகிதம் வாங்கி, எழுத இடமில்லாமல் அந்த மெத்தைமேல் வைத்து எழுதினார்: 'பணி இடைவெளி ரத்து. உடனே பணியில் சேரவும்.' பேனா முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மெத்தைக்குள் இறங்கியது.

சித்தி எழுந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவைப் பதிவேட்டில் ஏற்றினார். மஞ்சள் நூல் சாவியை எடுத்து, படிப்பறையைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, சுவரோரம் ஐந்தாவது ஆளாகப் போய் நின்றார்.

மெத்தைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நாப்பது! ஒரு கதவத் தொறக்க இவ்வளவு நேரமா? வாம்மா, இந்த இடம் நமக்கு ஒத்துவராது" என்று மகளைக் கூட்டிக்கொண்டு, மெத்தையோடு போய்விட்டார்.

உள்ளே சித்தியிடம் கேட்ட முதல் கேள்வி, எத்தனை வருட அனுபவம் என்பது. "பதினாலு வருஷம் சார். அதுல இருபத்தேழு நாளும், இன்னிக்குக் காலைல கொஞ்ச நேரமும் கம்மி" என்றாராம். சிரித்துவிட்டார்கள். சித்திக்கே முதலிடம்.

ஆணை மட்டும் வரவில்லை. தணிக்கைப் பிரிவு ஒரு சந்தேகம் எழுப்பியது. முதல் ஆளை உள்ளே அழைத்தது பதினொரு மணி. சித்தி அதற்கு முன்பே பணியில் சேர்ந்தாரா, பின்பா? பதிவாளர் நேரம் போடவில்லை. சித்தியின் பதிவேட்டில் நேரம் இருக்கிறது. ஆனால் தன் பணிச்சேர்க்கையைத் தானே பதிந்தது செல்லாதாம். உத்தரவு போட்டவர் தன் உத்தரவுக்குத் தானே சாட்சியாக முடியாதாம். தேர்வுக் குழுவினர் தீர்ப்புச் சொன்னவர்கள் என்பதால் அவர்களும் கூடாதாம். பாக்கலாம் சாரோ கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்; அந்த நேரத்தில் தன் கண் முழுக்கச் சாவியிலேயே இருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மற்ற நால்வர் ஏன் சொல்லப் போகிறார்கள்? நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். உறவுக்காரர் சாட்சி வேண்டாம் என்று திருப்பித் தந்தார்கள்.

மிச்சம் அந்த மெத்தைக்காரர்தான். அன்று மகளின் பெயரைக்கூடப் பதியாமல் போய்விட்டார். இந்த வருடம் சேராமல் போன மாணவிகள் அறுபது பேர். முகவரி கேட்டால், பதில் வரத் தொண்ணூறு நாள் என்கிறார்கள். சித்திக்கு அவ்வளவு நாள் இல்லை.

அதனால்தான் இதை எழுதினேன். படித்தவர்கள் தயவுசெய்து இன்னொருவரிடம் கொடுங்கள். முக்கியமாக, இந்த வருடம் மகளைக் கல்லூரியில் சேர்த்த அப்பா யாராவது தெரிந்தால் அவரிடம் கொடுங்கள். அவர் வீட்டில் பேனா குத்திய மெத்தை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அவர் 'பத்து நாற்பது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெண்கள் விடுதி அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். அடுத்த மாதம் முப்பதாம் தேதிக்குள்.